ஒரே கம்பத்தில் வந்த இரண்டு கேபிள்

இன்டர்நெட் மாட்டும் தொழிலில் திட்டு வாங்குவது தினப்படி. வாயைப் பிளந்து நிற்பது எப்போதாவதுதான். ஏணியைத் தோளில் போட்டு அலையும் என் இனத்தாருக்கு இது புரியும்.

கம்பம்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கஸ்தூரி அக்கா உயிர் நண்டு வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறார். காலையில் ஆர்டர் இன்டர்நெட் வழியாகப் போனில் வரும். பத்து நிமிஷத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். சித்திரை வெயிலில் நண்டு ஒருநாள் கூடுதலாகக் கிடந்தால் பாதி செத்துவிடும். செத்ததை யாரும் வாங்கமாட்டார்கள்.

அதனால், ஒன்று அறுந்தால் மற்றது ஓடும்படி இரண்டு இணைப்பு ஏற்கும் ரவுட்டர் வைத்து, இரண்டு கம்பெனி கேபிளையும் இழுத்து, "இனி கவலையே இல்லக்கா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், படகை மணலில் இழுத்துவந்த டிராக்டர் கம்பத்தில் இடித்தது. இரண்டு கேபிளும் அந்த ஒரே கம்பத்தில்தான் வந்தன; இரண்டும் அறுந்தன. ஆர்டர் போய், மறுநாள் கூடை கூடையாக நண்டு செத்துக் கிடந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா கத்தவில்லை.

"ரெண்டு நங்கூரத்தையும் ஒரே கயித்துலயாப்பா கட்டுவாங்க?"

சிம்

ஒரு கேபிளை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ரவுட்டரில் சிம் போடுவது என்று முடிவானது. நான் வேகம் அளந்து ஒரு கம்பெனியைச் சொன்னேன். அக்கா அதைக் காதிலேயே வாங்காமல் கரைக்குப் போய், படகிலிருந்து இறங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். கடலுக்குள் போகும்போது யார் போன் கடைசிவரை பேசுகிறது? மழைக்காற்றில் யாருடையது அறுகிறது? எல்லோரும் யோசிக்காமல் ஒரே பெயரைச் சொன்னார்கள். அது நான் சொன்ன கம்பெனி இல்லை. என் கருவி அளந்தது ஒரு நிமிஷம். இவர்கள் வருஷக்கணக்காக அளந்து வைத்திருக்கிறார்கள். அசந்துபோனேன்.

"வேகத்த வெச்சி இன்னா பண்றது? காத்துல நிக்குதா, அத்த சொல்லு."

சோதனை

எல்லாம் மாட்டி முடித்த காலை, கொட்டகை நிறைய நண்டு. ஆர்டர் மணி அடித்தது. அக்கா போனைத் தொடாமல், நேராக ரவுட்டரிடம் போய்க் கேபிளைப் பிடுங்கினார். பிறகுதான் போனில் ஆர்டரைத் தொட்டார். போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது. பிறகு சிம் விளக்கு எரிந்து ஆர்டர் திறந்தது. ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"நல்ல நாள்லயே அறுத்துப் பாத்துரணும் தம்பி. புயல்ல அறுந்தா பாக்கறதுக்கு இன்னா கீது?"

இத்தனை வருஷத்தில் நான் மாட்டிய ஒரு ரவுட்டரைக்கூட இப்படிப் பிடுங்கிப் பார்த்ததில்லை என்பதை அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.