மஞ்சள் சாட்சி

என் அக்காவின் கணவர் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நீண்ட மேசையில் அறுபது அடுக்குத் துணியை விரித்து, மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தி மெஷினைக் கையால் பிடித்து ஒரே ஓட்டத்தில் வெட்டுவார். மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் நூல் அளவு வித்தியாசம் இருக்காது. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. அவரிடம் இருந்த ஒரே கர்வமும் அதுதான்.

போன வருடம் அந்த மெஷினின் இரைச்சலுக்குள் இருந்து யாரோ அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். மனநல மருத்துவரிடம் போனோம். அவர் கொடுத்த மாத்திரையில் மூன்று மாதத்தில் குரல் அடங்கியது. குரல் போன இடத்தில் கால் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாது. இடது, வலது, இடது, வலது என்று இருந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்தால் தொடைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். வாயோரம் எச்சில் வேறு ஒழுகும். தொழிற்சாலையில் 'மிலிட்டரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"மிலிட்டரி, டீ வந்துருச்சு! லெஃப்ட் ரைட் போட்டு வாங்க!"

அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நாட்களில், இப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கிற வாய்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அவர் சிரித்துக்கொண்டே போய் டீ வாங்குவார்.

சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "மாஸ்டர், உங்க கையை நான் குறை சொல்லல. கால் ஆடினா கத்தியும் ஆடும். ஒரு மாசம் பார்க்கிறேன். அப்புறம் மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

மருத்துவரிடம் சொன்னோம். "மாத்திரையோட பக்க விளைவுதான் இது. டோஸை மெதுவாத்தான் குறைக்க முடியும். கூடவே பி-சிக்ஸ் கலந்த வைட்டமின் எழுதுறேன். சிலருக்குக் கால் கொஞ்சம் அடங்குது, சிலருக்கு ஒண்ணும் ஆகாது. எது ஆனாலும் பெரிய மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் என் படிப்பு உள்ளே வந்தது. நான் மருந்தியல் பட்டதாரி. கைநாட்டு வைக்கிற அப்பாவின் மகன், எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நான் படிக்க வேண்டும் என்று அக்கா ஏழாம் வகுப்போடு நின்றவள். இன்று அவள் வீட்டில்தான் தங்கி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அவள் கேட்டாள்: "தம்பி, மாத்திரையை வாயில போட்டுக்கிறாரு. முழுங்குறாரா துப்புறாரான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"ரொம்ப சுலபம்க்கா. இந்த வைட்டமின்ல ஒரு சத்து இருக்கு. அது போனா மூத்திரம் பளீர்னு மஞ்சளா வரும். ரெண்டு மாத்திரையையும் சேர்த்தே கையில குடு. காலையில மஞ்சளா இருந்தா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவள் விட்ட அத்தனை வகுப்புகளும் பாஸாகிவிட்டன.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு அசிங்கமான சட்டம் அமலுக்கு வந்தது. காலையில் கக்கூஸில் மாமா தண்ணீர் ஊற்றக் கூடாது. அக்கா போய்ப் பார்த்த பிறகு அவளே ஊற்றுவாள். அவள் சீக்கிரம் வேலைக்குக் கிளம்புகிற நாட்களில் அது என் பொறுப்பு. நுரை அடங்காத அந்த மஞ்சள், ஊசிப்போன மாவு போன்ற அந்த வைட்டமின் நாற்றம், வாயில் பல்பொடியோடு மூக்கைப் பொத்தி நான் குனிவது. நிமிர்ந்தால் வாசலில் அவர் தோளில் துண்டோடு நிற்பார்.

"என்ன மாப்ள, பாஸா?"

"பாஸ் மாமா" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்கு ஃபோனில் 'ஓகே' என்று அனுப்புவேன். சீ! வளர்ந்த ஒரு மனிதரின் முன்னால் அதைச் செய்தேன், அவர் முகத்தை ஒரு நாளும் பார்க்காமல்.

மூன்றே வாரத்தில் கால் நின்றது. கம்பம் மாதிரி நின்றது. சூப்பர்வைசர் மெஷினைப் பறிக்கவில்லை. அக்கா தெருவெல்லாம் என் பட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி, "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு அட்டை குடேன், அவருக்குக் கால் பரவாயில்ல, வாய் நிக்க மாட்டேங்குது" என்று கேட்டுவிட்டுப் போனாள். நானும் கடையில் இந்த வைட்டமினைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாக அளந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மாமா திடீரென்று வீட்டுக்கு வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். கால் அசையவே இல்லை.

"மெஷின் பேசுது மாப்ள."

"என்ன பேசுது?"

"கையைக் கத்திக்கு முன்னால வைங்குது. பாதி வெட்டுல சுவிட்சை அணைச்சுட்டேன். சூப்பர்வைசர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"மாத்திரை தினமும் போட்டீங்களே மாமா. நான்தானே பார்த்தேன்?"

"நீ மஞ்சளைப் பார்த்த. மஞ்சள் மாத்திரையை மட்டும் முழுங்கினேன். இன்னொண்ணு இங்க இருக்கு."

ஷூவைக் கழற்றி உள்ளே இருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தார். எச்சிலில் ஊறிக் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன மாத்திரைகள். சாம்பல் நிறக் கட்டியாக இருந்தது. வியர்வை நாற்றம்.

காலை நிறுத்தியது வைட்டமின் இல்லை. பெரிய மாத்திரை உள்ளே போகாததால்தான் கால் நின்றது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டம் கூடத் தேவையில்லை.

"ஏன் மாமா சொல்லல?"

"யாரு கேட்டா? தினம் காலையில ரெண்டு பேரும் என் மூத்திரத்தைத்தானே நலம் விசாரிச்சீங்க?"

அக்காவை வரவழைத்து, அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். அவர் எங்கள் இருவரையும் பேச விடவில்லை. நேராக மாமாவிடம் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும்?"

"கால் நிக்கணும். மெஷின் வாயை மூடணும்."

"வேற மருந்து, குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். அதுலயும் கால் கொஞ்சம் ஆடலாம். ரெண்டும் உடனே கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

மாமா தன் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா அழ ஆரம்பித்திருந்தாள்.

"அழாத, இவளே. அறுபத்தோராவது அடுக்கா என் விரலை வெட்டிக்கிறதுக்குப் பதிலா, கால் ஆடிட்டே போகட்டும். மெஷினை நானே விட்டுடறேன்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் அதையே சொன்னார். இப்போது மாமாவுக்குத் துணியில் கோடு போடுகிற வேலை மட்டும். சம்பளம் குறைவு. மருந்து மாறியதில் கால் பாதி அடங்கியிருக்கிறது, பாதி மிதிக்கிறது. வைட்டமினும் ஓரமாக ஓடுகிறது; அதனால் என்ன பயன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி இப்போது பேசுவதும் இல்லை. மெஷினை, 'லெஃப்ட் ரைட்' சொன்ன பையன்களில் ஒருவனுக்கே கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே காறித் துப்பினார்.

"என்ன மாமா, மறுபடியும் குரல் கேக்குதா?"

"இல்ல மாப்ள. இப்ப மெஷின் சத்தம் வெறும் சத்தம்தான். அதுதான் வயித்தெரிச்சலே. அந்தப் பய தப்பா வெட்டுறது சத்தத்துலயே தெரியுது."