கடலுக்கடியில் வேலை செய்தவர்

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவரை நானுஓயா ஸ்டேஷனிலிருந்து வேனில் அழைத்து வந்தேன். உப்புக்காற்றில் கறுத்த முகம். வேன் மலையேறிக் காது அடைக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார். மாலைதீவில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலை என்றார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவருக்குக் கடலில் என்ன வேலை என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும், “அடியில அப்படி என்னங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“கையால நடக்கிற மாதிரி போற மீனு இருக்குங்க. தலையிலேயே தூண்டில் வச்சிருக்கும். கடற்குதிரையில ஆம்பளதாங்க புள்ளையச் சுமக்கும்.”

அம்மாகூடச் சிரித்துவிட்டார். சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் போனபிறகு, “எல்லாம் புளுகு” என்றேன்.

தங்கை தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “பொய் சொல்ற ஆளா இருந்தா நம்புற மாதிரி ஏதாச்சும் சொல்லியிருப்பாருண்ணே. எனக்குச் சம்மதம்.”