பழசை மறந்த ஆமை

தையல் டீச்சருக்கு ரோபோ வகுப்பு கிடைத்தது தகுதியால் அல்ல. யார் எடுப்பது என்று தலைமையாசிரியை கேட்ட அன்றைக்கு மற்ற டீச்சர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்துவிட்டது. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஆறு ரோபோக்கள் இருந்தன. முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள். எங்கே போக வேண்டும் என்பதை வரிசையாக அமுக்கி, கடைசியில் பச்சையை அமுக்கினால் அப்படியே போகும். பிள்ளைகள் பார்த்ததுமே ஆமை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“வீட்டு மிக்ஸியவே நாலு தட்டு தட்டித்தான் ஓட்டுற. உனக்கு ரோபோவாம்மா?” என்றாள் மகள்.

“தட்டினா ஓடுதுல்ல? வாய மூடிட்டு சாப்பிடு.”

முதல் நாளே மானம் கப்பலேறியது. மூன்று கட்டம் போகச் சொன்ன ஆமை ஏழு கட்டம் போய், தலைமையாசிரியையின் காபி டம்ளரோடு மேசையிலிருந்து குதித்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட டீச்சருக்கு, ஒரு பாவாடையைப் பிரிக்கும்போதுதான் பொறி தட்டியது. தப்புத் தையலைப் பிரிக்காமல் மேலேயே தைத்தால் என்ன ஆகும்? ஆமையும் முந்தின பிள்ளை அமுக்கியதை மறக்காமல் வைத்திருந்து, புதுசை அதன் வாலில் ஒட்டிக்கொள்கிறது. சண்டையை மறக்காத நாத்தனார் மாதிரி. அழிப்பதற்கென்றே ஒரு நீலப் பொத்தான் சும்மா கிடந்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம். முதலில் நீலத்தை அமுக்கி, “பழசை மற!” என்று கத்த வேண்டும். வகுப்பு சந்தைக்கடையானது. ஆமைகள் ஒழுங்காயின.

ஆண்டுக் கடைசியில் தலைமையாசிரியையோடு கல்வி அதிகாரி வகுப்புக்கு வந்தார். அவர் சரியென்று எழுதினால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் ஆமைகள் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

“நானே பண்றேன்” என்று, ஒரு பிள்ளை ஓட்டி முடித்த ஆமையை அதிகாரி வாங்கினார். டீச்சர் தைத்த கட்டத்துணியில் மூன்று கட்டம் தள்ளி ஒரு வீடு. மூன்று முறை முன்னே, பிறகு பச்சை. ஆமை கிர்ரென்று திரும்பி வந்து அவர் ஷூவில் முட்டியது.

“பழுது போலிருக்கே.” அவர் பேனாவைத் திறந்தார்.

அப்போது வாய் திறந்தவள் இரண்டாம் வகுப்பு ‘கொட்டாவி’. வருஷம் முழுக்க அவள் வாய் திறந்தது அந்தப் பேருக்கு நியாயம் செய்ய மட்டும்தான்.

“ஆமை பழுதில்ல சார். நீங்கதான் பழச மறக்கச் சொல்லல.”

தலைமையாசிரியை பல்லைக் கடித்தார். “யார்கிட்ட பேசுறன்னு தெரியுதா?”

“தெரியுதே. ஆமை ஓட்டத் தெரியாதவர்கிட்ட.”

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது அதிகாரி தரையில் சம்மணமிட்டிருந்தார். கொட்டாவி அவர் விரலைப் பிடித்து நீலத்தில் வைத்தாள்.

“கத்தணும் சார்.”

“பழசை மற.”

“கேக்கல!” என்றது வகுப்பு.

“பழசை மற!”

ஒன்று, இரண்டு, மூன்று. ஆமை வீட்டு வாசலில் போய் நின்று கண் சிமிட்டியது. கூரை பறக்கிற கைதட்டல். வகுப்பு தொடரட்டும், இன்னும் ஆறு ஆமை கொடுக்கலாம் என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையை மறுபடியும் ஆமையிடம் நீட்டினார்.

“வரிசையில வாங்க சார்,” என்றாள் கொட்டாவி.

டீச்சர் சிரிக்காமல் அவரை அழைத்துப் போய், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் நிறுத்தினார்.