சர்வரை அடித்தவர்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லோடு ஆபீஸ் சூப்பர்வைசர் அவர். எருமைக் கழுத்து, காய்த்துப்போன உள்ளங்கை. பிரிண்டர் நின்றால் அடிப்பார், ஃபேன் நின்றால் அடிப்பார், ஆள் சும்மா நின்றாலும் அடிப்பார்.

அந்த ஆபீஸ் சர்வரின் மூன்று டிஸ்க்குகளைக் கண்காணிப்பது என் வேலை. ஒருநாள் ஒரு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"தொடாதீங்க சார். ஒரு டிஸ்க் செத்துடுச்சு. அதோட வேலையையும் மத்த ரெண்டுந்தான் இழுக்குது. இன்னொண்ணும் போனா லாரி வரிசைக் கணக்கு மொத்தமும் அழிஞ்சுடும். புது டிஸ்க் திருச்சியிலேருந்து வந்துட்டிருக்கு."

"ஒதுங்குடா!" என்று என்னை அறைந்துவிட்டு, பெட்டியை ஓங்கிக் குத்தினார். சத்தம் நின்றது. "பாத்தியா? அடி வாங்குனாத்தான் அடங்குது!"

அடங்கவில்லை, செத்துவிட்டது. எந்த லாரி முதலில் என்பது அதற்குள்தான் இருந்தது. வெயிலில் காத்துக் கிடந்த டிரைவர்கள் 'நான்தான் முன்னால்' என்று ஜாக்கி ராடால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே புகுந்து அவரை மிதித்தார்கள்.

நான்தான் அவரை இழுத்து வெளியே போட்டேன். உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் மூடிவிட்டது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இன்னொரு தட்டு தட்டிப் பாக்கவா?"

அந்த ஆளைத் திட்டச் சரியான வார்த்தை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.