வேலியை அறுத்தது மான் இல்லை

கிண்டிக் காட்டின் கம்பி வேலியை அறுத்தவர் எங்கள் எதிர்வீட்டு வக்கீல். மான் அறுக்கவில்லை. மானுக்குக் கை கிடையாது.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கே மனை வாங்கிப் போட்ட அதே வக்கீல், தான் குடியிருந்த மயிலாப்பூரில் நல்ல காற்று இல்லை என்று அடையாறில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். அவர் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான் வேலி ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் கவர்னர் துரையின் காடு.

அந்தக் காட்டைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. விறகு வேண்டுமானால் அங்கே பொறுக்குவோம். ஊறுகாய்க்குக் களாக்காய் அங்கே பறிப்போம். பிடிபட்டால், காட்டைக் கோயிலாக நினைக்கிறோம் என்று சொல்வோம். மானை மட்டும் தொட மாட்டோம். அது சர்க்கார் மான். காட்டுக் காவல்காரர் அதை மரியாதை போட்டுத்தான் பேசுவார். "இன்னிக்கு இந்தாண்ட வந்தாங்களா?" என்று அவர் முதல்முறை கேட்டபோது, யாரோ பெரிய உத்தியோகஸ்தர் வருகிறார் என்று என் மனைவி மோர் கரைத்து வைத்தாள்.

வக்கீலுக்கு மான் பார்க்க ஆசை. அதுவும் தன் கொல்லையில் நின்றபடி பார்க்க ஆசை. கம்பியை அறுத்து, வாழைப்பழத் தோல் போட்டுப் பழக்கினார். தன் ரோஜாச் செடிகளைச் சுற்றி முள் கட்டிக்கொண்டார். தோலைத் தின்ற மான்கள் அவர் வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, என் அவரைப் பந்தலில் மீதிச் சாப்பாட்டை முடித்தன. என்னிடம் ஒரு கறுப்பு நாய் இருந்தது. என் கால்மாட்டில்தான் படுக்கும். அது குரைத்தது, விரட்டியது. நாய் வேறென்ன செய்யும்?

வக்கீல் புகார் கொடுத்துவிட்டார். மானைத் துரத்தும் நாயைச் சுடலாம் என்று உத்தரவாம். காவல்காரர் துப்பாக்கியோடு வந்து நின்றார்.

"இன்னா நைனா, உன் நாயி காட்டுக்குள்ள பூந்து அவங்களைத் தொரத்திக்கினு கீதாமே?"

என் நாய் தெருவைத் தாண்டியதில்லை, அவர்கள்தான் என் பந்தலுக்கு வருகிறார்கள் என்றேன். எந்த வழியாக என்றார். எதிர்வீட்டைக் காட்டினேன். வக்கீல் நெற்றி நிறைய விபூதியோடு தெருவுக்கு வந்தார்.

"எங்காத்துப் பக்கம் ஒரு மான் எட்டிப் பார்த்தது கிடையாது. இவன் புளுகறான்."

அவர் வாயை மூடுவதற்குள் அவர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு புள்ளிமான் வந்தது. ஓடி வரவில்லை, சாவகாசமாக நடந்து வந்தது. அவர் அங்கவஸ்திரத்து முடிச்சை முகர்ந்து பார்த்துக் கடித்து இழுத்தது. முடிச்சு அவிழ்ந்து வாழைப்பழத் தோல் தெருவில் விழுந்தது.

காவல்காரர் தோலைப் பார்த்தார். வக்கீலைப் பார்த்தார். பிறகு மானுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அவங்க சாரைப் பாக்க வந்துகீறாங்க. அதுல இன்னா தப்பு? நாயிதான் கேஸு."

"மானுன்னா அவங்க, நாயின்னா அது. அப்ப நாங்க யாருன்னு உங்க தொரையைக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. இன்றுவரை தகவல் இல்லை.

கடைசியில், சுடாமல் விடுகிறேன், ஆனால் நாய் இந்தப் பக்கமே இருக்கக் கூடாது என்றார் காவல்காரர். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பட்டினப்பாக்கத்து அம்மாள் அதைக் கூட்டிக்கொண்டு போனாள். சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மீன் தலை தின்று உருண்டு திரண்டு மணலில் படுத்திருந்தது. என் கையை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. கூப்பிட்டும் எழவில்லை. "அது இப்ப எங்க வூட்டுப் புள்ள, நைனா" என்றாள் அந்த அம்மாள். தனியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

வக்கீல் இன்றும் மேடையேறி ஜீவகாருண்யம் பேசுகிறார். வேலி இருந்ததால்தான் காடு பிழைத்தது என்கிறார், சபை கை தட்டுகிறது. அடுத்த கூட்டத்துக்கு நான் போய் முன்வரிசையில் உட்காரப்போகிறேன். எல்லார் காதிலும் விழும்படி அவர் பதில் சொல்லட்டும்: அந்த வேலியை அறுத்தது யார்?