நீலக் கோட்டைக்குக் காவல்

என் வீட்டுக்காரர் பஞ்சநாதத்துக்குப் பயம் கூடவே பிறந்தது. இடி இடித்தால் டி.வி. பிளக்கைப் பிடுங்கச் சொல்வார். பிடுங்கும்போது ஷாக் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் என்னையே பிடுங்கச் சொல்வார். கடலூரில் ஒரு மருந்து ஏஜென்சியில் பில் போடுகிற வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். டிரைவருக்குப் பின்னால் உட்கார மாட்டார், கடைசி சீட்டிலும் உட்கார மாட்டார். சுனாமி வந்ததிலிருந்து கடலூர்க் கடற்கரை சில்வர் பீச் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நானும் சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதருக்கு சுஹைப் அண்ணன் எப்படிச் சிநேகிதராக வாய்த்தார் என்பது சாமிக்கே வெளிச்சம். பரங்கிப்பேட்டைக்காரர், எலெக்ட்ரீசியன். சுனாமியன்று ஊரே மேற்கே ஓடியபோது கிழக்கே ஓடி, அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். இருவரும் அண்ணாமலை நகரில் ஒன்றாகப் படித்த காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஃப்ளாப்பியில் வந்த பழைய விளையாட்டு. ஆளுக்கு ஒரு நாடு. தன் முறை வரும்போது ஊர் கட்டலாம், வயல் போடலாம், படையை நகர்த்தலாம். பிறகு 'முறை முடிந்தது' என்கிற பட்டனை அமுக்கினால் அடுத்தவர் முறை. சுஹைப் அண்ணன் நீலம், என் வீட்டுக்காரர் பச்சை. மூன்றாவதாக சிவப்பு நாடு ஒன்று உண்டு, அதைக் கம்ப்யூட்டரே ஆடும். அதற்கு ஈவிரக்கம் கிடையாது.

அந்த விளையாட்டிலும் என் வீட்டுக்காரர் மாறவில்லை. முதல் வேலையாக மதில் கட்டுவார். அதைச் சுற்றி இன்னொரு மதில். குதிரைப்படையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். சுஹைப் அண்ணன் மதிலே கட்ட மாட்டார், இருக்கிற பொன்னையெல்லாம் படைக்குக் கொட்டிப் பாய்ந்துகொண்டே இருப்பார்.

கல்யாணம், வேலை என்று ஆனபின் இருவரும் அதை மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாயிரத்து எட்டில் வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வந்த சுஹைப் அண்ணன், அந்தப் பழைய விளையாட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் வித்தையை எங்கேயோ பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். திரையில் அந்தச் சதுரம் சதுரமான வயல்களும் கொசு மாதிரிக் குதிரைகளும் தெரிந்ததும் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். முன்தலை வழுக்கை விழுந்த இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் குத்திக்கொண்டு நின்றார்கள்.

"கார்த்தி, பாரேன், இந்தப் பயந்தாங்கொள்ளி அதே எடத்துலதான் மதில் கட்டுறான்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார் சுஹைப் அண்ணன்.

லீவு முடிந்து அவர் போனபிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஒருவர் தன் முறையை ஆடி, ஆட்டத்தை சேவ் செய்து, அந்த ஃபைலை மெயிலில் அனுப்புவார். மற்றவர் அதைத் திறந்து தன் முறையை ஆடித் திருப்பி அனுப்புவார். கூடவே ஒரு வரி கிண்டல். மூன்று நாளுக்குள் ஆட்டம் அனுப்பாதவன் தோற்றான் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் என் வீட்டுக்காரர் கைகால் கழுவுவதற்கு முன்பு மெயிலைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நாள் முழுக்க எதற்கோ பயந்துகொண்டிருக்கிற முகம் அந்த அரைமணி நேரம் மட்டும் தெளிந்திருக்கும். அதனால் விட்டுவிடுவேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று பிப்ரவரியில் சுஹைப் அண்ணன் லிபியாவில் இருந்தார். ஆட்டத்தில் தன் படை முழுவதையும் பச்சை மதிலில் மோதித் தொலைத்திருந்தார். அவருக்கு மிச்சம் ஒரே ஒரு கோட்டை, நாலைந்து காவலாட்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "மச்சான், உன் ஆளுங்க காலி. மூணு நாள்ல ஆட்டம் வரலன்னா உன் ராஜா செத்தான்னு வெச்சிக்குறேன்" என்று எழுதி அனுப்பினார். என்னையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். நானும் சிரித்தேன்.

மறுநாள் டி.வி.யில் அந்த நாட்டைக் காட்டினார்கள். தெருவில் டயர் எரிந்தது, ஜனங்கள் ஓடினார்கள், துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சுஹைப் அண்ணன் நம்பருக்குப் போட்டால் போகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டோம். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கார்த்தி, செத்தான்னு எழுதிட்டேனே. வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சும்மா இருங்க, கண்டதையும் பேசிக்கிட்டு" என்று சீறினேன். சீறியதற்குக் காரணம் அவர் கேட்ட அதே நேரத்தில் எனக்கும் அதே நினைப்பு ஓடியதுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மெயில் வந்தது. சுஹைப் அண்ணனிடமிருந்துதான். இவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வரிகூட எழுதல. ஆட்டத்துல ஒரு ஆளக்கூட நகத்தல. வெறுமனே முறைய முடிச்சி அனுப்பியிருக்கான். அவன் இப்படி ஒரு நாளும் ஆடுனது கெடயாது."

"அவசரத்துல அனுப்பியிருப்பாரு."

அடுத்த நாளும் ஃபைல் வந்தது, அதற்கு அடுத்த நாளும். எதிலும் வார்த்தை இல்லை, நீலம் அசையவில்லை. அந்த நாட்டில் நெட்டையே துண்டித்துவிட்டார்கள் என்று ஒரு நாள் பேப்பரில் போட்டிருந்தது. அன்றும் ஃபைல் வந்தது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் போகவே உடம்பு கூசியது. நெட் இல்லாத ஊரிலிருந்து யார் அனுப்புகிறார்கள்?

"முபீனாவக் கேளுங்களேன்" என்றேன். முபீனா சுஹைப் அண்ணன் சம்சாரம்.

"கேட்டா பதில் வந்துடும் கார்த்தி" என்றார். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

அவரும் ஒன்றும் ஆடாமல் முறையை மட்டும் முடித்துத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். கை நீட்டினால் பிடித்துவிடலாம் நீலக் கோட்டையை, ஆனால் தொடவில்லை. சிவப்புக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாதே. வடக்கேயிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. டி.வி.யில் ஒரு சண்டை, கம்ப்யூட்டரில் ஒரு சண்டை. இரண்டையும் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மார்ச்சில் ஒருநாள் சுஹைப் அண்ணனின் அம்மா அஜீசுன்னிசா எங்களை வீட்டுக்கு வரச்சொல்லி போன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பு.முட்லூரில் இறங்கி வேறு பஸ் ஏறவேண்டும். அங்கே நிற்கும்போது, "திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டார். கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன்.

அந்த அம்மா எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். முகம் நான் பயந்த மாதிரி இல்லை, சிரித்தபடி இருந்தார்கள்.

"போன் டவரெல்லாம் கெட்டுப்போச்சாம் தம்பி. உனக்கு மட்டும் தெனம் ஆட்டம் அனுப்புறானாமே? முபீனா சொல்லிச்சு. ஆட்டம் ஆடுறான்னா புள்ள நல்லா இருக்கான்னுதான அர்த்தம்? எனக்கு அதுதான் தைரியம். உன் வாயால ஒரு தடவ கேட்டுக்கலாம்னு கூப்புட்டேன்."

கதவருகே நின்ற முபீனா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா, தெனம் வருது" என்றார். பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நம்புகிற மனிதர் அவர்.

நான் முபீனாவோடு சமையலறைக்குப் போனேன். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

"மச்சானோட பாஸ்வேர்டு இந்த கம்ப்யூட்டர்லயே போட்டுக் கெடக்குக்கா. போன் போவலன்னதும் மெயில் ஏதும் வந்திருக்கான்னு தொறந்து பாத்தேன். மூணு நாள்ல வரலன்னா ராஜா செத்தான்னு அண்ணன் எழுதியிருந்தாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. எனக்கு ஆடத் தெரியாது. லீவுல வந்தா, கடைசியில அமுக்குற பட்டன மட்டும் என்னை அமுக்கச் சொல்லுவாங்க. அத அமுக்கி அனுப்பிட்டேன். இதையெல்லாம் நம்பக் கூடாதுன்னு தெரியும்க்கா, எங்க மார்க்கத்துல அது தப்பு. ஆனா ஒரு நாள் அமுக்காம வுட்டு அன்னிக்கி ஏதாவது ஆயிட்டா?"

என் வீட்டுக்காரர் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிண்டலுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை?

"மாமிகிட்டயும் பொய் சொல்லிட்டேன். இப்ப சிவப்பு பக்கத்துல வந்துடுச்சுக்கா. உள்ள பூந்துட்டா என்ன பண்றது?"

"அது வெறும் கேம், முபீனா" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. கண் கலங்கியிருந்தது.

"நீ பட்டன மட்டும் அமுக்கும்மா" என்றார். "வெளிய நான் நிக்குறேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஆட்டக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் பச்சைக் கோட்டையின் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. அன்று திறந்தது. குதிரைப்படை முழுவதையும் வெளியே கொண்டுவந்து நீலக் கோட்டையைச் சுற்றி நிறுத்தினார்.

சிவப்பு வந்து மோதியது. தினமும் சில குதிரைகள் விழுந்தன, மிச்சத்தை இழுத்து ஓட்டையை அடைத்தார். அவருடைய கோட்டை காலியாகக் கிடப்பதைப் பார்த்து சிவப்பு இன்னொரு படையை அந்தப் பக்கம் திருப்பியது. பார்த்துப் பார்த்துக் கட்டிய மதில் ஒவ்வொரு துண்டாக இடிந்தது.

"உங்க ஊரு போவுதேங்க" என்றேன்.

"போவட்டும்."

டி.வி.யில் விமானம் குண்டு போடுவதைக் காட்டினார்கள். கப்பலிலும் விமானத்திலும் நம்மவர்களை அழைத்து வருகிறார்கள் என்றும் சொன்னார்கள். வந்தவர்களின் முகங்களில் சுஹைப் அண்ணனைத் தேடினோம். அவர் இல்லை. அடுத்த செய்தியிலும் இல்லை. நான் அந்த நாட்களில் சோறு வடிக்க மறந்ததுண்டு, கோயிலுக்குப் போய் எதை வேண்டினேன் என்று தெரியாமல் திரும்பியதுண்டு. சாயங்காலம் ஃபைல் வந்துவிட்டதா என்று அவருக்கு முன்னால் நான் போய்ப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அவரைப் பார்த்து அரண்டவன் பழமொழி சொன்ன என் வாய் அப்போது மூடிக் கிடந்தது.

ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். முபீனா போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"மச்சான் பேசிட்டாங்கக்கா! பாலைவனத்துல நடந்தே எல்லயத் தாண்டிட்டாங்களாம். முகாம்ல இருக்காங்களாம். உசுரோட இருக்காங்கக்கா!"

உடனே கடலூருக்குப் போட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற அந்தோணிசாமி போனை வாங்கி, "அண்ணி, என்ன சொன்னீங்க? சாரு தரையில உக்காந்து அழுவுறாரு" என்றார்.

சுஹைப் அண்ணன் ஊர் வந்து சேர்ந்ததும் பார்க்கப் போனோம். பாதி ஆளாக இருந்தார். அம்மாவிடம் சிரித்தார், எங்களிடமும் சிரித்தார், அங்கே என்ன நடந்தது என்று மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆட்டம் நடந்த விதத்தை முபீனாதான் அவரிடம் சொல்லியிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவில் யாரோ கல்யாணத்துக்கு வெடி போட்டார்கள். சுஹைப் அண்ணன் பேச்சை நிறுத்தாமலேயே எழுந்து, ஜன்னலை விட்டு விலகி, உள்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரரும் எழுந்து போய் அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, அதுதான்.

ஆட்டத்தை இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் மெயில் வந்தது. இந்த முறை நீலம் ஆடியிருந்தது. படைக்கென்று ஒரு காசு போடவில்லை. இருந்த பொன்னையெல்லாம் கொட்டி, கோட்டையின் நாலு பக்கமும் மதில் எழுப்பியிருந்தார் சுஹைப் அண்ணன். அவர் வாழ்நாளில் கட்டிய முதல் மதில். அதற்கு வெளியே, செத்தது போக மிஞ்சிய பச்சைக் குதிரைகள் நின்றன.

கூடவே ஒரு வரி எழுதியிருந்தார். "மச்சான், உன் குதிரைங்கள இப்ப திருப்பிக் கூப்புட்டுக்காத."

என் வீட்டுக்காரர் அதைப் படித்தார். பிறகு ஒரு குதிரையையும் நகர்த்தாமல் முறையை முடித்து அனுப்பிவிட்டு, கைகால் கழுவப் போனார்.