இருநூற்றுப் பன்னிரண்டாவது பிள்ளை

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் டோனட் தட்டுகளை அடுக்கியபடி, வெர்லீன் மடோக்ஸ் அன்று காலையின் பதினேழாவது வீட்டை எழுப்பிக்கொண்டிருந்தார். "புள்ள எந்திரிச்சாச்சான்னு கேக்கல கண்ணு, நீ எந்திரிச்சியான்னு கேக்கறேன். இன்னிக்கு என்ன நாளு? சொல்லு பாப்போம்."

மறுமுனையில் இருந்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது. டெட்ராய்ட்டில் அக்டோபரின் முதல் புதன்கிழமையை மறந்தவர்கள் யாரும் இல்லை. அது எண்ணும் நாள். அன்று பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த ஆண்டுக்கான அரசுப் பணத்தின் பெரும்பங்கு அந்தப் பள்ளிக்கே போய்ச் சேரும். அதனால் அந்த ஒரு நாள் மட்டும் ஊரிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் கல்யாணக் களை வந்துவிடும். வாசலில் பலூன், மதியம் பீட்சா, வருகிற பிள்ளைகளுக்கு ஆப்பிள் சாறும் சர்க்கரை தூவிய டோனட்டும். இரவு உடையிலேயே வரலாம் என்றுகூட அனுமதி உண்டு. பல் தேய்க்காமல் வந்தாலும் அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

பெல்மர் தொடக்கப்பள்ளியின் அலுவலக அறையில் வெர்லீன் உட்கார்ந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கண்ணாடி மூக்கில் இருக்கும், இன்னொன்று தலைமேல் இருக்கும்; மூன்றாவதைத்தான் எப்போதும் தேடிக்கொண்டிருப்பார். எந்த வீட்டில் மூன்றாவது மணியில் எடுப்பார்கள், எந்த வீட்டில் இரண்டு முறை அழைத்தால்தான் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'மிஸ் வெர்லீன்' என்றால் சுற்றுவட்டாரத்தில் நாய்கூடத் திரும்பிப் பார்க்கும்.

நேர் எதிரே, பழைய நாற்காலி மேசைக் கடை இருந்த கட்டடத்தில், ஆறு ஆண்டுகளாக லான்டர்ன் அகாடமி நடக்கிறது. அது சார்ட்டர் பள்ளி. பணம் அரசுடையது, நிர்வாகம் தனி, பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அதன் பெயரை வெர்லீன் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. அவருக்கு அது வெறும் 'அந்தப் பக்கம்'.

முடி திருத்தும் கடையில் இந்த விஷயம் கிளம்பினால் சீப்பு பாதித் தலையில் நின்றுவிடும். "நம்ம ஸ்கூலு காசத் தின்னுதான் அவனுங்க கொழுக்கறானுங்க" என்று ஒருத்தி தொடங்குவாள். "என் புள்ளைக்கு நல்லதுன்னா நான் நிலாவுக்குக்கூடப் போவேன், உனக்கென்னடி?" என்று இன்னொருத்தி எழுவாள். பிறகு இருவருமே தீர்ப்புக்காக வெர்லீனைப் பார்ப்பார்கள். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. "நீ ஏன் போனே? அத மட்டும் சொல்லு" என்பார்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதற்கென்று ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்திருக்கிறார். பெல்மரை விட்டுப் போகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே ஒரு வரியில் எழுதிவைப்பார். 'ஒரே வருஷத்தில் நாலு கணக்கு டீச்சர்.' 'வகுப்பில் முப்பத்தெட்டு பேர்.' 'அங்கே பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது.' 'அக்கா பிள்ளை அங்கே இருக்கிறான்.' திரும்பி வருகிறவர்களிடமும் கேட்பார். 'காலுறை கறுப்பாக இல்லை என்று மூன்று தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.' 'என் பையன் பேசவில்லை என்றார்கள், பிறகு ரொம்பப் பேசுகிறான் என்றார்கள்.'

"இதை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று தலைமையாசிரியை ஹால்ஸ்டன் ஒருமுறை கேட்டார்.

"மீட்டிங்குல எல்லாரும் ஜனங்க என்ன நெனைக்கறாங்கன்னு மணிக்கணக்காப் பேசறீங்க. ஒருத்தரும் கேக்கல. நான் கேட்டேன், அவ்வளவுதான்."

எண்ணும் நாள் முடிந்து சில வாரங்களில் அந்தப் பக்கத்திலிருந்து ஓரிருவர் திரும்பி வருவது வழக்கம். அவர்களுக்கு வெர்லீன் வைத்த பெயர் 'நவம்பர் பிள்ளைகள்'. பிள்ளை இங்கே வந்துவிடும். பணத்தின் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடும். தலைமையாசிரியை பெருமூச்சு விடுவார். வெர்லீன் எழுந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்து வருவார். "நிக்க வெச்சா பேசறது? மொதல்ல உக்காரட்டும்."

இவ்வளவுக்கும் அவருடைய ஒரே மகள் ஆமாரி படிப்பது அந்தப் பக்கத்தில். பதினொரு வயது. காலையில் இருவரும் ஒரே காரில் வருவார்கள். பெல்மர் வளாகத்தில் கார் நிற்கும். தாய் இடப்பக்கம் நடப்பார், மகள் வயலின் பெட்டியோடு சாலையைக் கடப்பாள். சாலை கடக்க உதவும் காவல்காரர் பால்வினுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வாய் சும்மா இருக்காது.

"என்ன மிஸ் வெர்லீன், ஒரே வீட்டுல ரெண்டு கட்சியா?"

"ஓட்டுதான்யா ரகசியம். வயலின் ரகசியமா? தெருவுக்கே கேக்குதே."

இந்த ஆண்டு பெல்மருக்குத் தேவைப்பட்டது இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண் வந்தால் நர்ஸ் டெல்ஃபின் வாரம் ஐந்து நாளும் இருப்பார். ஒன்று குறைந்தாலும் இரண்டு நாள்தான். பள்ளியில் ஆஸ்துமாக்காரப் பிள்ளைகள் மட்டும் முப்பத்தொரு பேர். காய்ச்சலில் படுத்திருந்தவர்களின் மருத்துவச் சீட்டையும் சேர்த்து, பதினொன்றே கால் மணிக்கு வெர்லீன் கூட்டிப் பார்த்தார். இருநூற்றுப் பதினொன்று. மீண்டும் கூட்டினார். அதேதான். இரண்டாம் வகுப்பு ஜவாரிஸ் வரவில்லை.

அவன் அம்மா ஷோனெல் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். ஐந்தாவது அழைப்பில் எடுத்தாள். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"ஷோனெல், ஜவாரிஸ் எங்க?"

"மிஸ் வெர்லீன்... நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"அந்தப் பக்கம் சேத்துட்டேன். நேத்து கையெழுத்துப் போட்டேன். இன்னிக்குக் காலைல போயிட்டான்."

வெர்லீன் தலைமேலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் கண்ணு?"

"ஷிஃப்ட மாத்திட்டாங்க. அஞ்சரைக்குத்தான் விடறாங்க. நீங்க மூணரைக்கு மூடிடறீங்க, அவங்க ஆறு மணி வரைக்கும் வெச்சுக்கறாங்க. நடுவுல ரெண்டு மணி நேரம் அவன் எங்க நிப்பான்? பெட்ரோல் பங்க்குலயா?"

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும்..."

"இன்னிக்கு ஒரு நாளு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நானும் உங்க ஸ்கூல்ல படிச்சவதானே. அந்த டோனட்ட நானும்தான் தின்னேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஆமாரி எங்க படிக்கறா?"

"அங்கதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவளுக்கு வயலின் கத்துக்கணும். இங்க பாட்டு டீச்சர் போயி ரெண்டு வருஷமாச்சு. எங் காரணம் அது. உன்னுதும் நல்ல காரணந்தான்." பச்சை நோட்டைத் திறந்து எழுதினார்: 'மூன்றரைக்கு மூடிவிடுகிறோம்.' எழுதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. "அவன் இன்ஹேலர அவங்ககிட்ட குடுத்தியா?"

"ஐயோ. அது உங்ககிட்டதானே இருக்கு."

பக்கத்து அறையிலிருந்து கேட்ட நர்ஸ் டெல்ஃபின் அதற்குள் அதை எடுத்து வந்துவிட்டார். பிளாஸ்டிக் பையில் நீல இன்ஹேலர், மேலே ஜவாரிஸின் பெயர், உள்ளே மருத்துவரின் சீட்டு. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை ஹால்ஸ்டன், தொலைபேசியைப் பொத்தும்படி சைகை காட்டினார்.

"புள்ளையோட பெத்தவங்கதான் நேர்ல வந்து மருந்த வாங்கணும், அதான் விதி. ஷோனெல் பையனோட வரட்டும். வந்தா, பையன இன்னிக்கு இங்கயே உக்கார வைன்னு ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாம். நான் பொய் சொல்லச் சொல்லல வெர்லீன்."

விதி அப்படித்தான் இருந்தது. அழைத்தால் ஷோனெல் பதறிக்கொண்டு ஓடி வருவாள் என்பதும் அறையிலிருந்த மூவருக்கும் தெரியும். டெல்ஃபின் இன்ஹேலர் பையை வெர்லீனின் மேசையில் வைத்தார். எண் குறைந்தால் போகப்போவது டெல்ஃபினின் மூன்று நாள் வேலை.

வெர்லீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு அங்க ஓடிப்பிடிச்சு வெளையாட விடுவாங்க. அவ வந்து சேர ஒரு மணியாகும்." பொத்தியிருந்த கையை எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தினார். "ஷோனெல், நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். சரின்னு சொல்லு, டெல்ஃபினும் கேட்டுக்கட்டும்."

"சரி. சரி. மிஸ் வெர்லீன்... கோவமா?"

"கோவந்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வை ஃபோன."

பால்வின் பலகையைத் தூக்கி வண்டிகளை நிறுத்தினார். அந்த நேரத்தில் வெர்லீன் சாலையைக் கடந்து அவர் பார்த்ததில்லை. கேலி செய்ய வாயெடுத்தவர் வெர்லீனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பக்கத்திலும் பலூன்தான், அதே பீட்சா வாசனைதான். வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண் கீயாரா துள்ளி எழுந்தாள். "மிஸ் வெர்லீன்! ஆமாரிக்கு எதாவது..."

"ஆமாரிக்கு இல்ல. ஜவாரிஸ்னு ஒருத்தன் காலைல வந்திருப்பான், முன்பல்லு ரெண்டும் இருக்காது. இங்க நர்ஸ் இருக்காங்களா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் வருவாங்க."

"அப்ப நீதான். கையில எடு. நல்லாக் குலுக்கு. இன்னும். அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி மூச்சை வெளிய விடச் சொல்லு, இல்லன்னா மருந்தை முழுங்கிடுவான். ஒண்ணு அழுத்து, ஒரு நிமிஷம் பொறு, அப்புறம் இன்னொண்ணு. எங்க, செஞ்சு காட்டு."

கீயாரா செய்து காட்டினாள். இரண்டாம் முறையும் செய்து காட்ட வேண்டியிருந்தது. "டிராயர்ல பத்திரமா வெச்சுக்கறேன்" என்றாள். பிறகு, சும்மா பேச்சுக்காக, "இன்னிக்கு உங்க பக்கம் எப்படி? கூட்டமா?" என்று கேட்டாள்.

"நல்ல கூட்டம்" என்றார் வெர்லீன். "டிராயர் வேண்டாம். அதப் பூட்டிட்டு நீ சாப்பிடப் போயிடுவே."

கழுத்திலிருந்த பட்டையைத் தலைவழியாகக் கழற்றினார். அதில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே கொக்கியில் ஜவாரிஸின் பையை மாட்டி, கீயாராவின் நாற்காலிக்குப் பின்னால், கையெட்டும் உயரத்தில் இருந்த ஆணியில் தொங்கவிட்டார். பட்டையில் மஞ்சள் எழுத்தில் இருந்த 'பெல்மர்' என்ற பெயர் உள்பக்கம் திரும்பியிருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பையைத்தான் திருப்பினார், பிள்ளையின் பெயர் தெரியும்படி.